கதவில் சாத்திய குச்சி

கபிதொலினாவுக்கு இந்த உலகத்தில் பிடிக்காதவர்களை வரிசையாக நிற்கவைத்தால், அந்த வரிசை வெஷெர்மா கிராமத்துப் படகுத்துறையில் தொடங்கி, மெஸென் ஆற்றங்கரையோடே போய், மாவட்டத் தலைநகரைத் தாண்டி, அர்காங்கெல்ஸ்க் நகரத்துப் பெரிய அலுவலகங்களின் மாடிப்படி வரைக்கும் நீளும். அதில் முதல் ஆளாக நிற்பவன் அவெனீர். பக்கத்து வீட்டுக்காரன். அறுபத்தெட்டு வயது, தனிக்கட்டை. வாய்க்கு மட்டும் இன்னும் வயசாகவில்லை.

ஊரில் அவளைக் கபா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபத்தொரு வயது. இருபத்தேழு வருஷம் வெஷெர்மாவுக்கும் சுற்றியிருந்த நாலு ஊருக்கும் மருத்துவ உதவியாளராக இருந்தவள். டாக்டர் இல்லாத ஊரில் அவள்தான் டாக்டர். பிரசவம் பார்த்தாள், கட்டைவிரலில் ஏறிய தூண்டில் முள்ளைப் பிடுங்கினாள், குடித்துவிட்டுப் பனியில் விழுந்து கிடந்தவர்களைச் சறுக்குவண்டியில் போட்டு இழுத்து வந்து பிழைக்கவைத்தாள். இத்தனையும் திட்டிக்கொண்டே செய்தாள். அவளிடம் திட்டு வாங்காமல் அந்த ஊரில் யாருக்கும் காய்ச்சல் இறங்கியதில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மாவட்டத்திலிருந்து தோல் பையோடு ஓர் அதிகாரி வந்தான். ஊரில் ஆள் குறைந்துவிட்டது, மருத்துவ நிலையம் இனி வேண்டியதில்லை, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்தால் எல்லோருக்கும் வசதி என்றான். யாருக்கு வசதி என்று கபா கேட்டாள். அவன் தோல் பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தான். ஊர் மக்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று ஊர்ப் பிரதிநிதி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றான்.

ஊர்ப் பிரதிநிதியாக இருந்த மகானுபாவன் அவெனீர். அதிகாரி அவனை அப்பா பெயரோடு சேர்த்து மரியாதையாக, "அவெனீர் புரோகோபியெவிச்" என்று கூப்பிட்டான். கையைப் பிடித்துக் குலுக்கினான். உங்களை மாதிரி நாட்டு நலனை நினைக்கிறவர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும் என்றான். அவ்வளவுதான், நம் ஆளுக்கு வாயெல்லாம் பல். பேனாவை எடுத்தான், போட்டான். ஒரு மாசம் கழித்துக் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது: மாகாண வளர்ச்சிக்கு ஆற்றிய பங்குக்காக. அதை அடுப்புக்கு எதிர்ச் சுவரில் மாட்டினான். அதே வாரம் கபாவின் வெள்ளை மருந்து அலமாரியைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்கப்புறம் அவளுக்குக் கிடைத்தது ஆற்றை அளக்கிற வேலை. கரையில் தண்ணீருக்குள் வரிசையாக அடித்திருக்கும் அளவுக் கட்டைகளின்மேல் கோலை வைத்து, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காலை எட்டு மணிக்கும் மாலை எட்டு மணிக்கும் பார்க்க வேண்டும். அதை அர்காங்கெல்ஸ்குக்குப் போனில் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் ஒரு பெண் "ம்" என்று சொல்லி வைத்துவிடுவாள்.

"மனுஷனோட காய்ச்சல அளக்க ஆள் வேண்டாமாம். ஆத்தோட ஒசரத்த அளக்க மட்டும் ஆள் வேணுமாம்" என்பாள் கபா. பதினோரு வருஷமாக இதையேதான் சொல்கிறாள். ஊருக்கே காது புளித்துவிட்டது, அவளுக்கு மட்டும் இன்னும் சூடு ஆறவில்லை.

போதாக்குறைக்கு அவெனீர் தன் படகை அவளுடைய அளவுக் கட்டையில்தான் கட்டுவான். ராக்கெட் விட்டபோது காட்டில் வந்து விழுந்த தகட்டை வளைத்துச் செய்த படகு அது. அந்தப் பக்கத்தில் பாதிப் பேருடைய படகு அப்படித்தான். கரை முழுக்க இடம் கிடக்கும்போது இந்தக் கட்டையில்தான் கட்ட வேண்டும் என்று அவனுக்கு என்ன வேண்டுதலோ தெரியாது. படகு இழுத்தால் கட்டை ஆடும், கட்டை ஆடினால் அளவு தப்பும். அதனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை கபா அவன் வாசலுக்குப் போய்க் கத்துவாள். அவன் சிரித்துக்கொண்டே, "இதோ அவுக்கறேன் கபா, கோவிச்சுக்காத" என்று சொல்லிவிட்டு, மறுநாள் அதிலேயே கட்டுவான். கபா அவனோடு பேசிய பேச்செல்லாம் இந்தப் பதினோரு வருஷத்தில் இது ஒன்றுதான்.

போன ஜூன் மாசம், வெள்ளம் வடியத் தொடங்கியிருந்த சமயம். ஒரு திங்கட்கிழமை மாலை கபா கோலோடு தண்ணீரில் நிற்கும்போது ஒரு மோட்டார் படகு வந்து நின்றது. கழுத்தில் துணி சுற்றிய ஒருவன் கொசுவை அடித்துக்கொண்டே இறங்கினான். நாற்பது வயதிருக்கும். பெயர் கெர்மான். மாகாணத்தைப் பற்றிப் பெரிய படப் புத்தகம் ஒன்று போடுகிறார்களாம், நிலம், பண்பாடு, பொருளாதாரம் எல்லாம் ஒரே ஆல்பத்தில். எழுதுவதும் அவன்தான், படம் எடுப்பதும் அவன்தான்.

"அம்மா, நம்ம மாகாணம் எவ்வளவு பெருசு தெரியுமா? வடக்க இருக்கற துந்திரா பனிவெளியையும் சேத்தா பிரான்ஸ் நாட்டவிடப் பெருசு!" என்றான், தானே பெற்று வளர்த்த பெருமையோடு.

"அப்படியா தம்பி? பிரான்ஸ்ல ஒருத்தனுக்கு வயித்துவலி வந்தா டாக்டரப் பாக்க எத்தன கிலோமீட்டர் போகணும்?"

"அது... எனக்குத் தெரியலம்மா."

"தெரிஞ்சுக்கிட்டு வந்து எழுது. இங்க நூத்திநாப்பது. அதுவும் ஆறு வழிவிட்டாத்தான்."

கெர்மான் சிரித்துச் சமாளித்தான். "பொருளாதாரம் அத்தியாயத்துல உங்க வேலையப் பத்தி ரெண்டு வரி..."

"என் வேலை ஆத்த அளக்கறது. நீ மறைச்சுக்கிட்டு நிக்கற. தள்ளு."

அதற்குள் அவெனீர் படியிறங்கி ஓடி வந்துவிட்டான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு. விருந்தாளி என்று ஒருவன் கிடைத்துவிட்டால் அவனுக்குப் போதும். "வாங்க சார், வாங்க! ராத்திரி நம்ம வீட்லதான் தங்கணும். ஊர்ல மத்தவங்கள எல்லாம் கண்டுக்காதீங்க, குளிர்ல வாய் கோணிப்போச்சு" என்று கபாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கூட்டிப் போனான்.

சன்னல் திறந்திருந்தது. தன் வீட்டில் உருளைக்கிழங்கு வைத்த ஷாங்கி அப்பம் சுட்டுக்கொண்டிருந்த கபாவுக்கு அவன் அளந்த அளப்பெல்லாம் வேண்டாமலேயே காதில் விழுந்தது. பாராட்டுப் பத்திரத்தைக் கழற்றிக் காட்டினான். உப்புக் காளான் எடுத்து வைத்தான். பிறகு குச்சிக்கு வந்தான்.

"எங்க ஊர்ல பூட்டே கிடையாதுங்க. வெளிய போனா கதவுல ஒரு குச்சியச் சாத்தி வெச்சுட்டுப் போவோம். குச்சி இருந்தா ஆள் இல்லேன்னு அர்த்தம். அத வீட்டுக்காரனத் தவிர வேற ஒருத்தன் தொடமாட்டான். உள்ள எட்டிக்கூடப் பாக்கமாட்டான். குடிகாரன்கூடத் தொடமாட்டானுங்க!"

"அடடா! அடடா!" என்றான் கெர்மான். "இதல்லவா பண்பாடு!"

கபா ஷாங்கித் தட்டை அடுப்பில் தள்ளி அடுப்புக் கதவை அடித்துச் சாத்தினாள். உள்ளே இருப்பது நாலு மரக் கரண்டியும் ஒரு பழைய வலையும். பூட்டுப் போட்டால் பூட்டுக்குத்தான் கேடு. அதைப் பண்பாடு என்று ஒருவன் சொல்கிறான், இன்னொருவன் எழுதிக்கொள்கிறான். ஆனால் குச்சி விஷயத்தில் அவெனீர் சொன்னது பொய்யில்லை. கபாவும் பிறந்ததிலிருந்து அடுத்தவர் குச்சியைத் தொட்டதில்லை. சின்ன வயசில் பந்து விழுந்தால்கூட, குச்சி சாத்திய வீட்டு வாசலில் உட்கார்ந்து சாயங்காலம் வரை காத்திருந்தவள்தான்.

மறுநாள் செவ்வாய். காலை எட்டு மணிக்குக் கபா கோலோடு தண்ணீரில் நின்றாள். மேலே அவெனீர் வீட்டு வாசலில் கெர்மான் காமிராவோடு அங்குமிங்கும் நடப்பது தெரிந்தது. காமிரா ஆற்றுப் பக்கம் திரும்பியது. தன்னையும் அந்த ஆல்பத்தில் போட்டுப் பொருளாதாரம் ஆக்கிவிடுவான் என்று தோன்றியதுமே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெடுக்கென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது, தூரமாய்ப் போனது. அதற்கும் அவள் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்க அது என்ன தேரா, திருவிழாவா?

அன்று மாலை தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. அவெனீரின் படகு கயிற்றில் தொங்கி, அளவுக் கட்டையைச் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தது. கபா விறுவிறுவென்று படியேறினாள். "யோவ் அவெனீர்!" என்று வாயைத் திறந்தவள் நின்றுவிட்டாள். கதவில் குச்சி சாத்தியிருந்தது.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஆல்பக்காரனோடு அர்காங்கெல்ஸ்குக்குக் கிளம்பிவிட்டான். கூப்பிட்டிருப்பார்கள், இவனும் வாலை ஆட்டிக்கொண்டு போயிருப்பான். இவனை எனக்குத் தெரியாதா?

ஆள் இல்லாவிட்டால் என்ன, கதவு இருக்கிறதே. கபா இடுப்பில் கை வைத்து அந்தக் கதவையே திட்டினாள். "போயிட்டியா? படத்துல மூஞ்சி வரும்னதும் படகையும் மறந்து பறந்துட்டியா? பட்டணத்துல இன்னும் நாலு பேர் கை குலுக்குவான், போய் வாங்கிக்கோ!" ஆளில்லாத வீட்டைத் திட்டுவதில் ஒரு சுகம் இருந்தது. நடுவில் குறுக்கிடச் சிரிப்பு வராது, "கோவிச்சுக்காத" வராது. மூச்சு வாங்கும்வரை திட்டிவிட்டு இறங்கி வந்தாள். படகை அவள் அவிழ்க்கவில்லை. வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை ரொட்டி வரும் நாள். கடைக்காரி துஸ்யா எண்ணி வைத்ததில் ஒரு ரொட்டி மிச்சமாகிவிட்டது.

"அவெனீர் வரலையே அக்கா. ரொட்டிக்கு மொத ஆளா வந்து நிப்பாரே."

"அவன் எங்க வருவான்? ஆல்பக்காரனோட பிளேன் ஏறிட்டான். கதவுல குச்சி."

"சொல்லிட்டா போனார்?"

"சொல்ல வேற வேணுமா? அவனுக்கு ஒருத்தன் கை குடுத்தா செவ்வாய் கிரகத்துக்குக்கூடப் போவான்."

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவெனீர் அர்காங்கெல்ஸ்க் போயிருக்கிறான் என்பது அந்த நிமிஷத்திலிருந்து ஊர் அறிந்த செய்தி. மிச்ச ரொட்டியைத் துஸ்யா தன் பசுவுக்கு எடுத்து வைத்தாள்.

துஸ்யாவைப் பார்த்தால் கபாவுக்கு எப்போதும் ஒரே நினைவுதான். மருத்துவ நிலையத்தை மூடிய பிறகு வந்த மூன்றாம் குளிர்காலத்தில் அவள் புருஷன் மித்ரோஃபான் குடல் வெடித்து, பனிப்புயலில் ஹெலிகாப்டர் வராமல், இரண்டு நாள் கட்டிலில் கிடந்து செத்தான். கபா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசி இல்லை, மருந்து இல்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆத்திரத்தோடு புதன்கிழமை மாலை கோலை எடுத்துக்கொண்டு இறங்கியவள், தண்ணீர் வற்றிச் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்த படகைப் பார்த்ததும் நேரே அவெனீர் வாசலுக்குத்தான் போனாள்.

"ஒரு கையெழுத்துய்யா!" என்றாள் கதவைப் பார்த்து. முதல் நாள் மாதிரி வேடிக்கையாக வரவில்லை, நெஞ்சிலிருந்து வந்தது. "ஒரே ஒரு கையெழுத்து! மித்ரோஃபான் ரெண்டு நாள் கெடந்தான். நீ அந்தக் கண்ணாடிச் சட்டத்தத் தொடச்சுக்கிட்டு இருந்தே. அவன் கெடந்த மாதிரி நீயும் ஒரு நாள் கெடக்கணும். கூப்பிட்டா ஏன்னு கேக்க நாதியில்லாம கெடக்கணும். அப்பத் தெரியும் உனக்கு!"

கத்திக் கத்தித் தொண்டை கம்மியது. வீட்டுக்குப் போய், அர்காங்கெல்ஸ்குப் பெண்ணிடம் தண்ணீர் அளவைச் சொல்லும்போது குரலே வரவில்லை. அவள் வழக்கம்போல "ம்" என்றாள்.

வியாழன் காலையிலும் குச்சி இருந்தது. அவெனீர் தன் படகைச் சேற்றில் இப்படிப் போட்டுவிட்டுப் போகிறவன் இல்லை. தண்ணீர் ஒரு விரல் இறங்கினால் அரை நிக்கரோடு ஓடி வந்து தள்ளி விடுகிறவன். இது கபாவின் மண்டையில் உறைக்கத்தான் செய்தது. ஆனால் புகழ் வந்தால் படகென்ன, பெற்ற பிள்ளையையே மறப்பான் என்று தனக்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். வாசலில் நின்று, "த்தூ" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று மாலை எட்டு மணிக்கு அளவைச் சொல்லிவிட்டுப் போனை வைத்த கையோடு, மறுபடி மணி அடித்தது. கெர்மான்.

"அம்மா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். அவெனீர் புரோகோபியெவிச் ரெண்டு நாளா போன் எடுக்கவே மாட்டேங்கறார். ஒரு சின்ன விஷயம்தான். அந்தக் குச்சிக்கு உள்ளூர்ல தனிப் பேர் ஏதாவது உண்டா? படத்துக்குக் கீழ போடணும்."

"குச்சிக்குப் பேர் குச்சிதான். அவன் உன்கூடத்தானே இருக்கான், அவனையே கேளு."

"என்கூடவா? இல்லையே! நான் தனியாத்தான் வந்தேன்."

"அப்போ குச்சிய யார் சாத்தினது?"

"நான்தாம்மா!" என்றான் அவன் சந்தோஷமாக. "படத்துக்காகச் சாத்தினேன். அவர் உள்ள உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு, சன்னல் வழியா என்னப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தார். ரொம்ப அருமையா வந்திருக்கு. அப்புறம் படகுக்காரன் அவசரப்படுத்தினான், அப்படியே கிளம்பிட்டேன். எடுத்து வெச்சேனா இல்லையான்னு..."

கபா போனை வைக்கவில்லை. அது ஒயரில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. செருப்பு போடாமல், அறுபத்தொரு வயதில், வேலியைத் தாண்டி ஓடினாள்.

வாசலில் குச்சி இருந்தது. சாதாரண பிர்ச் மரக் குச்சி, ஒரு முனை வழுவழுப்பாகத் தேய்ந்தது. எல்லாம் தெரிந்தும், அதை எடுக்கப் போன கை ஒரு நொடி காற்றில் நின்றுவிட்டது. அந்த ஒரு நொடிக்காக அவள் பிறகு எத்தனையோ தடவை தன்னைக் காறித் துப்பியிருக்கிறாள். பிறகு பிடுங்கினாள், கதவைத் தள்ளினாள்.

அடுப்பு சில்லென்று கிடந்தது. மேசையில் கெர்மான் குடித்த கோப்பை காய்ந்து கறை பிடித்திருந்தது. சமையல் மூலையில் நிலவறையின் தரைக் கதவு திறந்திருந்தது. கபா மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். உருளைக்கிழங்குக் குவியலில் சாய்ந்து, மீசையெல்லாம் காளான் உப்பு அப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிடந்தான் அவெனீர். ஏணியின் படி ஒன்று ஒடிந்து தொங்கியது. விருந்தாளிக்கு எடுத்த காளான் சட்டியைத் திருப்பி வைக்க இறங்கியிருக்கிறான்.

"வந்துட்டியா?" என்றான். குரல் மரப்பட்டையாகக் காய்ந்திருந்தது. "இன்னும் திட்டு பாக்கி இருக்கா, கபா?"

கபா இன்னும் குனிந்தாள். அப்போதுதான் கீழ்ச் சுவரில் வாசற்படியை ஒட்டி இருந்த காற்றுத் துவாரம் கண்ணில் பட்டது. கைகூட நுழையாத ஓட்டை. அவள் மூன்று நாளும் நின்ற இடத்துக்கு நேர் கீழே.

"எல்லாம் கேட்டுதா?"

"கேக்காம? ஆறு கிலோமீட்டருக்குக் கேட்டிருக்கும்."

"நீ ஏன்யா கத்தல, பாவி!"

"கத்தினேன். ரெண்டு நாளும் கத்தினேன். நீ என்னவிட சத்தமாக் கத்திக்கிட்டு இருந்தே. இன்னிக்குக் காலைல எனக்குக் குரலே வரல."

கபா இறங்கினாள். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள், நாடி பார்த்தாள், காற்சட்டையைக் கத்தியால் கிழித்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்து, கருநீலமாக வீங்கிக் கிடந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கால் போயிருக்கும், அதற்கடுத்த நாள் ஆளே போயிருப்பான். காலைச் சேர்த்துக் கட்ட நேராக ஏதாவது வேண்டும். சுற்றிப் பார்த்தாள். தன் கையிலேயே அந்தக் குச்சி இருந்தது. இவ்வளவு நேரமும் அதைக் கீழே வைக்கவே இல்லை.

அதையே வைத்து, தன் தலைத்துணியைக் கிழித்துக் கட்டினாள். பதினோரு வருஷமாக ஆற்றை மட்டும் அளந்த விரல்கள், ஒரு முடிச்சைக்கூட மறக்கவில்லை. கட்டும்போது அவெனீர் பல்லைக் கடித்துக்கொண்டு, "திட்டிக்கிட்டே கட்டேன், வலி தெரியாது" என்றான். அவளுக்கு அன்று ஒரு திட்டும் வரவில்லை.

மாவட்டத்துக்குப் போன் செய்தாள். பெயர் என்ன, பிறந்த தேதி என்ன, காப்பீட்டு எண் என்ன என்று கேட்டார்கள். அடிபட்டு எவ்வளவு நேரமாச்சு என்று கடைசியில் கேட்டார்கள். ஐம்பத்தொன்பது மணி நேரம் என்றாள். "ஏன் உடனே சொல்லல?" என்று அந்தப் பக்கம் அதட்டினான் ஒருவன். உடனே சொல்ல இந்த ஊரில் யாரை வைத்திருக்கிறாய் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அந்தத் தாமதத்தில் பாதி அவள் பங்கு. மறுநாள் காலை ஹெலிகாப்டர் வந்தது, காலில் குச்சியோடேயே அவனைத் தூக்கிப் போனார்கள்.

கபா அன்று கடைக்குப் போய், எல்லோர் முன்னாலும், "அவன் பட்டணம் போயிட்டான்னு சொன்னவ நான்தான்" என்றாள். துஸ்யா ரொட்டி அடுக்கிய கையை நிறுத்தாமல், "நானும் ரெண்டு தடவ வாசல் வரைக்கும் போனேன் அக்கா. குச்சியப் பாத்துட்டுத் திரும்பிட்டேன்" என்றாள். விசாரித்தால் ஊரில் பாதிப் பேர் போயிருக்கிறார்கள். அத்தனை பேரும் பண்பாட்டோடு திரும்பியிருக்கிறார்கள்.

அந்தக் கோடை முழுக்க அவெனீர் வீட்டுக் கதவில் குச்சி இல்லை, வீட்டில் ஆளும் இல்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. பழக்க தோஷத்தில் உள்ளே போய், "அவெனீர்!" என்று கூப்பிட்டுவிட்டு, அசட்டுச் சிரிப்போடு வெளியே வந்தார்கள். கபா வேறு ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். எந்த வீட்டில் குச்சியைப் பார்த்தாலும் அதை எடுத்துக் கதவில் நாலு தட்டுத் தட்டி, உள்ளே தலையை நீட்டி, "எவனாவது சாகறீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பச் சாத்துவாள். ஊர் முகம் சுளித்தது. சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

செப்டம்பரில் அவெனீர் ஊன்றுகோலோடு வந்து இறங்கினான். படகை அளவுக் கட்டையில் கட்டுவதை விட்டுவிட்டான். நிலவறையில் கேட்டதைப் பற்றி ஒரு மூச்சு விடவில்லை, அவளிடமும் இல்லை, ஊரிலும் இல்லை. கபாவுக்கு அதுதான் தாங்கவில்லை. வாயாடி ஒருவன் வாயை மூடிக்கொண்டால் அதைவிடப் பெரிய தண்டனை வேறு இல்லை.

மார்ச்சில், பனிப்பாதை வழியாகத் தபால் வண்டியில் ஆல்பம் வந்தது. செங்கல் கனம். அவெனீர் சன்னலைத் தட்டிக் கூப்பிட்டான். கபா போனாள். பாராட்டுப் பத்திரம் இருந்த சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு மேசையருகே உட்கார்ந்தாள்.

இருவரும் மேசையில் ஆல்பத்தை வைத்துப் புரட்டினார்கள். எத்தனை லட்சம் ஹெக்டேர் காடு, எத்தனை டன் மரக்கூழ், எவ்வளவு மீன், எவ்வளவு வைரம். ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்பும் படம் இரண்டு பக்கத்துக்கு. "கீழ விழறது எங்கன்னு போடலையே" என்றாள் கபா. பிரான்ஸைவிடப் பெரியது என்று தடித்த எழுத்தில் இருந்தது. டாக்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று இல்லை.

பண்பாடு அத்தியாயத்தில் முழுப் பக்கத்துக்கு அந்தப் படம். கதவு, கதவில் குச்சி. வலது ஓரத்துச் சன்னலில் தேநீர்க் கோப்பையோடு பல்லைக் காட்டும் அவெனீர். கீழே எழுதியிருந்தது: "வட மக்களின் நம்பிக்கை. பூட்டு வேண்டாம், குச்சி போதும். வீட்டில் ஆள் இல்லை."

"கண்ணு தெரியாத கழுத" என்றாள் கபா. "சன்னல்ல மனுஷன் இளிச்சுக்கிட்டு நிக்கறான், ஆள் இல்லையாம்!"

அவெனீர் சிரிக்கவில்லை. படத்தின் இடது ஓரத்தை விரலால் தொட்டான். அங்கே ஆறு தெரிந்தது. ஆற்றங்கரையில், நாற்பது அடி தூரத்தில், கையில் கோலோடு ஒரு பெண் நின்றாள். முகம் இல்லை. வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விறைப்பாக நின்றாள்.

கபா அந்த முதுகை வெகுநேரம் பார்த்தாள். ஒரு தடவை திரும்பியிருந்தால் போதும். கெர்மான் குச்சியைச் சாத்துவதைக் கண்ணால் பார்த்திருப்பாள். மோட்டார் சத்தம் கேட்டபோது திரும்பியிருந்தால், படகில் ஒருவன்தான் போகிறான் என்று தெரிந்திருக்கும். அவள் திரும்பவில்லை. ஊரில் ஒருவனும் தான் திரும்பிப் பார்க்கத் தகுந்தவன் இல்லை என்று நின்றிருந்தாள்.

"யார் இதுன்னு போடல" என்றான் அவெனீர். எழுந்து, நொண்டிக்கொண்டே போய், அலமாரியில் தேடிப் பேனா எடுத்து வந்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்த முதுகுக்குக் கீழே, படத்தின் மேலேயே கோணல் எழுத்தில் எழுதினான்: "கபிதொலினா ஸோஸிமொவ்னா. வெஷெர்மாவின் மருத்துவ உதவியாளர்."

எழுதிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். பதினோரு வருஷத் திட்டும் கபாவின் தொண்டைக்கு வந்து நின்றது. ஆல்பத்தை அவன் பக்கமாக நகர்த்தினாள்.

"கீழ கையெழுத்தும் போடு" என்றாள். "அதுலதான் உனக்குப் பழக்கமாச்சே."

அவன் போட்டான்.